மலிவான கியூபச் சுருட்டு கைக்கிறது: பிழை சுருட்டிலா, என்னிலா?

பனிக்காலப்பறவை (ஸ்கார்பரோ), பெப்ரவரி 19

எல்லோருக்கும் வணக்கம். போன கிழமைதான் குடும்பத்தோடு கியூபாவில் வரடேரோ போய் வந்தோம். திரும்பும்போது விமான நிலையக் கடையில் ஹோசே எல். பியெத்ரா கஸடோரெஸ் என்ற மலிவான கியூபச் சுருட்டு ஐந்து பெட்டி வாங்கினேன். அட்டைப் பெட்டி, ஒன்றில் ஐந்து சுருட்டு. அதே கடையில் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த, விலை கூடின கொஹீபாச் சுருட்டு ஒன்றின் காசுக்கு இது பத்துக்கு மேல் வரும். எனக்குச் சுருட்டில் பெரிய பழக்கம் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் மொன்டேகிறிஸ்டோ என்ற கியூபச் சுருட்டு ஒன்று பத்தினேன். அது பிடித்துப்போனதில் வந்த ஆசை இது.

முதலாவதை வந்து இறங்கிய இரவே கொளுத்தினேன். வெளியே பனி, அதனால் கராஜ் கதவைப் பாதி திறந்துவிட்டு, கதிரை போட்டு இருந்தேன். மூட்டியதும் மூக்கில் அடித்தது அமோனியா. குழந்தையின் ஈரத்துணி வாளியைத் திறந்தால் வருமே, அதே நெடி. பிறகு ஒரு பக்கம் மளமளவென்று எரிந்து இறங்க, மறுபக்கம் கறுத்த நாக்குப் போல நீட்டிக்கொண்டு நின்றது. வாய்க்குள் புகையிலைத் துணுக்கு வந்துகொண்டே இருந்தது. பாதி தாண்டியதும் கைப்பு, பச்சைப் பாவற்காயைக் கடித்த மாதிரி. 35 நிமிடத்தில் முடித்துவிட்டேன், அடுத்த நாள் காலை வரை அந்தக் கைப்பு நாக்கை விட்டுப் போகவில்லை. இரண்டாவதும் இப்படியேதான். மூன்றாவது பரவாயில்லை, ஆனால் இரண்டு முறை அணைந்தது.

மிச்சம் 22 இருக்கிறது. இது மலிவுச் சுருட்டின் குணமா, நான் பத்துகிற விதம் பிழையா? அதோடு, சுருட்டைச் சுவைத்து எடைபோடுகிறவர்கள் தோல், தேவதாரு, கோகோ என்றெல்லாம் எழுதுகிறார்கள். தேவதாரு மரத்தை நான் மணந்து பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பு பத்திய யாழ்ப்பாணச் சுருட்டின் மணம்தான். அதை வைத்து இதை அளக்கலாமா?

மொன்ட்ரியால்காரன், பெப்ரவரி 19

நேராகச் சொல்கிறேன், கியூபா என்ற பெயருக்காக மலிவுச் சுருட்டு வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதே காசுக்கு நிக்கராகுவாச் சுருட்டு முழு இலை நிரப்பியே கிடைக்கிறது. இழுவையும் எரிதலும் ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி இருக்கும். பியெத்ராவில் அந்த நம்பிக்கை கிடையாது. மிச்சத்தை நண்பர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கடலோடி (தூத்துக்குடி), பெப்ரவரி 20

தம்பி, யாருக்கும் கொடுக்க வேண்டாம், வைத்திருங்கள். மொன்ட்ரியால்காரர் இழுவையைப் பற்றிச் சொல்வது உண்மை. ஆனால் உங்கள் மூன்று சுருட்டுக்கும் நடந்ததில் பாதிக்கு மேல் அவசரத்தால் நடந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இந்தச் சுருட்டோடு எனக்குப் பல வருடப் பழக்கம்.

நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்தவன். 2008-இல் கியூபாவின் சியென்ஃபுயேகோஸ் துறைமுகத்தில் பதினோரு நாள் நின்றோம். வாயிலில் காவலுக்கு இருந்த பெரியவர் தினமும் மாலை ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவார். பெட்டி இல்லை, பெயர் போட்ட காகிதப் பட்டை இல்லை, செய்தித்தாளில் சுற்றிய கட்டு. ஒருநாள் எனக்கும் ஒன்று நீட்டினார். நான் சிகரெட் பிடிப்பது மாதிரி இழுத்ததைப் பார்த்து என் கையைப் பிடித்து இறக்கினார். தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, விநாடி முள் ஒரு சுற்று முடியும் வரை விரலால் தொடர்ந்து காட்டினார், அப்புறம் தலையசைத்தார். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சுருட்டைப் பற்றி நான் படித்த முதல் பாடம் அது. இன்றும் அதற்கு மேலான பாடம் கிடைக்கவில்லை.

பியெத்ரா என்பது என்ன சுருட்டு என்று தெரிந்தால்தான் அதை நியாயமாக எடைபோட முடியும். விலை கூடின ஹவானாச் சுருட்டில் உள்ளே நிரப்பும் இலை தலையிலிருந்து கால் வரை முழு நீளம் போகும். பியெத்ராவில் நறுக்கிய துண்டு இலை. அங்கே திரிப்பா கோர்த்தா என்பார்கள். சுற்றுவது கையால்தான், உள்ளே போவதுதான் வேறு. துண்டு இலைக்கு இடையில் காற்று அதிகம் புகும், அதனால் வேகமாகவும் சூடாகவும் எரியும். சாம்பலும் நீளமாக நிற்காமல் பொலபொலவென்று உதிரும். அதைக் குறை என்று எழுதுகிறவர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை, துண்டு இலைக்கு அதுதான் இயல்பு. வாயில் துணுக்கு வந்ததற்கும் இதுதான் பாதிக் காரணம். மீதிப் பாதி, நீங்கள் சுருட்டின் தலையை, அதாவது வாயில் வைக்கும் பக்கத்தை, அதிகமாக வெட்டியிருப்பீர்கள். தலையில் ஒட்டியிருக்கும் தொப்பியில் ஒன்றரை மில்லிமீட்டர் போதும், தலை வளைந்து முடியும் தோள்பட்டைக்குக் கீழே கத்தி போகவே கூடாது.

இலையும் வேறு. பெரிய பெயர்களுக்கு மேற்கே பினார் டெல் ரியோவில் உள்ள வூயெல்டா அபாஹோ இலை. பியெத்ராவுக்கு நடு கியூபாவில், ரெமேதியோஸ் பக்கத்து வூயெல்டா அர்ரிபா இலை. 1880-களில் ஸ்பெயினின் அஸ்தூரியாஸிலிருந்து போய் அந்தப் பக்கம் குடியேறிய பியெத்ரா குடும்பத்தின் பெயர்தான் இது. அந்த மண் இலை முரடு. மெல்லிய வாசனை தேடுகிறவருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அந்த முரட்டுத்தனம்தான் பிடிக்கும். கஸடோரெஸ் என்றால் வேட்டைக்காரர்கள். பெயர் பொருத்தமாக இருக்கிறது.

இப்போது நீங்கள் சொன்ன கைப்பு. தமிழில் ஆறு சுவைக்கும் தனித்தனிப் பெயர் இருக்கும்போது தேவதாருவைத் தேடிப் போக வேண்டாம். ஒரு மலிவுச் சுருட்டை எடைபோட மூன்று போதும்: கசப்பு, துவர்ப்பு, கார்ப்பு. மூன்றையும் நாக்கில் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

கசப்பு பெரும்பாலும் நம் தப்பு. வேகமாக இழுத்தால் நெருப்பு சூடேறி, தார் கசிந்து வாய்ப்பக்கம் வந்து சேரும். 152 மில்லிமீட்டர் நீளம், 43 ரிங் தடிமன் உள்ள சுருட்டை 35 நிமிடத்தில் முடித்தேன் என்கிறீர்கள். ரிங் என்பது ஓர் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, 43 ரிங் சுமார் 17 மில்லிமீட்டர். எனக்கு இது குறைந்தது 50 நிமிடம் போகும். அந்த 15 நிமிட வித்தியாசம்தான் உங்கள் பாவற்காய்.

துவர்ப்பு சுருட்டின் வயது. வாழைப்பூ, கொட்டைப்பாக்கு கடித்தால் கன்னத்தின் உட்பக்கம் இழுத்துப் பிடிக்குமே, அது. புதுச் சுருட்டில் அதிகம் இருக்கும், வைத்திருந்தால் இறங்கும். அமோனியாவும் இதே கணக்குதான். இலை இன்னும் புளித்துப் பதமாகிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு அடையாளம். கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை.

கார்ப்பு இலையின் குணம். செடியின் மேல்பகுதி இலையில் வெயில் நிறையப் படும், அதைத்தான் லிஹேரோ என்பார்கள். தொண்டையில் மிளகு மாதிரி ஏறுவது அது. நல்ல சுருட்டில் இது முதலில் ஏறி, பிறகு அடங்கி, கடைசியில் திரும்ப வரும்.

ஆக, கசப்பு வந்தால் மெதுவாகப் பிடியுங்கள், துவர்ப்பு வந்தால் திரும்ப வைத்துவிடுங்கள், கார்ப்பு மட்டும் இருந்தால் சுருட்டைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்.

யாழ்ப்பாணச் சுருட்டை வைத்து அளக்கலாமா என்று கேட்டீர்கள். மணத்தை நினைவு வைத்திருப்பது நல்லது, ஆனால் பதப்படுத்தும் முறையே வேறு. யாழ்ப்பாணத்தில் புகையிலையைப் புகை போட்டுப் பதப்படுத்துவார்கள். கியூபாவில் ஓலை வேய்ந்த கொட்டகையில் கழியில் கோத்துத் தொங்கவிட்டுக் காற்றிலேயே உலர்த்துவார்கள். சுமார் 50 நாள் ஆகும். அப்புறம் அடுக்கி வைத்துப் புளிக்க விடுவார்கள். அதனால் அப்புவின் சுருட்டில் இருந்த அடுப்புப் புகை வாசம் இதில் வராது. அதைத் தேடாதீர்கள்.

வைத்திருக்கும் விதம்: காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே 65 சதவீத ஈரப்பதம் காக்கும் பொவேடா பை ஒன்று. அவ்வளவுதான், விலை கூடின மரப்பெட்டி வேண்டாம். உங்கள் ஊரில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீடு அப்பளம் காயப்போடும் அளவுக்கு உலர்ந்திருக்கும், வெளியே வைத்தால் இரண்டு வாரத்தில் மேலிலை வெடிக்கும். எங்கள் ஊரில் சிக்கல் நேர்மாறு. 2014 மே மாதம் ஒரு டப்பாவைத் திறந்தேன். ஒன்பது சுருட்டில் ஊசியால் குத்தியது போல ஓட்டை, அடியில் காப்பித்தூள் மாதிரி பொடி. புகையிலை வண்டு. முட்டை இலைக்குள்ளேயே இருக்கும், வெயில் ஏறினால் பொரிக்கும். அன்றிலிருந்து எது வந்தாலும் முதல் நான்கு நாள் ஃப்ரீசர், பிறகு ஒரு நாள் சாதாரண ஃப்ரிட்ஜ், அதன் பிறகுதான் டப்பா. நீங்களும் கோடை வருமுன் அப்படிச் செய்துவிடுங்கள்.

என் நோட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போடுகிறேன். 2021 நவம்பரில் ஒரு பழைய கப்பல் நண்பர் கொண்டுவந்த கட்டு, 14 மாதம் வைத்திருந்து 2023 ஜனவரியில் மொட்டைமாடியில் பிடித்தது:

"மேலிலை பழுப்பு, இரண்டு தடித்த நரம்பு. நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு இடம் மெத்து. பற்றவைக்கும் முன் இழுத்தால் வைக்கோல் போர் வாசம், லேசான இனிப்பு. முதல் பத்து நிமிடம் மிளகு, மேல் அண்ணத்தில். துவர்ப்பு கொஞ்சம் இருக்கிறது, தொந்தரவு இல்லை. மெத்தான இடம் வந்ததும் நெருப்பு பக்கவாட்டில் ஓடியது, லேசாக நெருப்புக் காட்டித் திருத்தினேன். இருபதாவது நிமிடத்துக்கு மேல் வறுத்த நிலக்கடலைத் தோல், சர்க்கரை போடாத கடுங்காப்பி. மூக்கு வழியாக விட்டபோது முதல் மழையில் நனைந்த தரையின் வாசம், மிகத் தெளிவாக. இதற்காகத்தான் இந்தச் சுருட்டு. 40 நிமிடத்துக்கு மேல் வாசம் தட்டையாகிவிட்டது, சூடு மட்டும். 52-இல் கீழே வைத்தேன்."

கவனியுங்கள், கடைசி மூன்றில் ஒரு பங்கு எனக்கும் தட்டைதான். பியெத்ராவிடம் மூன்றாம் பாகம் கேட்கக் கூடாது. நடு இருபது நிமிடத்துக்குத்தான் அதற்கு விலை. அங்கே வாசம் போனதும் கீழே வைத்துவிடுங்கள், விரல் சுடும் வரை பிடிக்க வேண்டாம்.

100-க்கு 88, 91 என்று போடும் மதிப்பெண் எனக்குப் பயன்பட்டதில்லை. நான் ஐந்து ஐந்தாகத்தான் பார்ப்பேன். ஐந்தில் எத்தனை சரியாக இழுத்தது, எத்தனை தானாக நேராக எரிந்தது, எத்தனை முடிந்தபின் இன்னொரு நாள் இதையே எடுக்கலாம் என்று தோன்றியது. பியெத்ரா என் நோட்டில் சராசரியாக ஐந்துக்கு மூன்று. ஒரு மொன்டேகிறிஸ்டோ நம்பர் 4 ஐந்துக்கு நான்கு. விலை வித்தியாசத்தைப் பார்த்தால் மூன்று எனக்கு நிறைவாகவே இருக்கிறது.

மறந்துவிட்டேன். அணைந்தால் பதற வேண்டாம். சாம்பலைத் தட்டிவிட்டு, பற்றவைக்குமுன் உள்ளிருந்து வெளியே மெதுவாக ஊதுங்கள், தேங்கிய கெட்ட புகை போய்விடும். அப்புறம் மூட்டுங்கள்.

வினாலெஸ்_போனவள், பெப்ரவரி 21

கடலோடி ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். மலிவு என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. பினார் டெல் ரியோவின் வினாலெஸ் பள்ளத்தாக்கில் விவசாயிகளே சுற்றித் தரும் பட்டையில்லாத சுருட்டு. விளைச்சலில் பெரும்பகுதி அரசுக்குப் போகும், மீதியை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு விற்கிறார்கள். நாங்கள் போன வீட்டில் தலைப்பக்கத்தைத் தேனில் தொட்டுக் கொடுத்தார்கள். இலையின் நடு நரம்பை உருவி எறிந்துவிட்டுத்தான் சுற்றினார். மென்மையாக இருந்தது, ஆனால் ஊருக்குக் கொண்டுவந்ததும் இரண்டு மாதத்தில் வாசம் போய்விட்டது. அங்கேயே இருந்து பிடிப்பதற்கு ஏற்றது, சேர்த்து வைப்பதற்கு இல்லை.

2022 செப்டம்பரில் இயன் புயல் பினார் டெல் ரியோவில்தான் கரையேறியது. ஆயிரக்கணக்கான உலர்த்தும் கொட்டகைகள் விழுந்தன. நாங்கள் போனபோது அந்த வீட்டிலும் புதுக் கொட்டகை பாதிதான் எழும்பியிருந்தது, பழைய மரத்தையே ஆணி பிடுங்கித் திரும்பப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்த வருடமே, கியூபச் சுருட்டுகளை விற்கும் ஹபானோஸ் நிறுவனம் கொஹீபா, டிரினிடாட் சுருட்டுகளின் விலையை உலகம் முழுக்க ஏற்றியது. மலிவுப் பெயர்களைப் பலர் தேடத் தொடங்கியதற்கு இதெல்லாம் காரணம்.

ஒரு எச்சரிக்கை. கடற்கரையில் "என் அண்ணன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான்" என்று கொஹீபா விற்பவர்களிடம் வாங்காதீர்கள். மூடியில் கண்ணாடி வைத்த கொஹீபா பெட்டி என்று ஒன்றை கொஹீபா செய்வதே இல்லை. பெட்டியைப் பார்த்த உடனே நடையைக் கட்டலாம்.

பல்மருத்துவமனை_ஊழியர், பெப்ரவரி 21

இந்தத் திரியை ஆர்வமாகப் படித்தேன், ஆனாலும் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய் புற்றுநோய் அபாயம் சுருட்டில் உண்டு. நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடம்பில் ஏறும், அதனால்தான் வெறும் வயிற்றில் பிடித்தால் தலை சுற்றுகிறது. வாய்க்குள் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் உடனே காட்டுங்கள். பனிக்காலப்பறவை, உங்கள் கராஜ் வீட்டோடு ஒட்டியதா? அப்படியென்றால் கதவைப் பாதி திறப்பது போதாது. புகை வீட்டுக்குள்தான் போகும், குழந்தை இருக்கிற வீடு என்று நினைக்கிறேன்.

பனிக்காலப்பறவை, பெப்ரவரி 21

எல்லோருக்கும் நன்றி. கடலோடி அண்ணை, நீங்கள் எழுதியதை அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஊழியர் அக்கா, கராஜ் ஒட்டியதுதான், மகளுக்கு ஒன்றரை வயது. இனிமேல் அங்கே இல்லை. கோடை வரட்டும், பின்வளவில் பார்த்துக்கொள்கிறேன். 22-ஐயும் இன்றே ஃப்ரீசரில் வைக்கிறேன்.

பனிக்காலப்பறவை, யூன் 28

நான்கு மாதம் பொறுத்துவிட்டு நேற்று ஒன்று எடுத்தேன். காலையிலேயே டப்பாவிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். பின்னேரம் ஏழு மணிக்குப் பின்வளவில், சாப்பிட்ட பிறகு. தொப்பியில் மெல்லிசாக மட்டும் வெட்டினேன். கைத்தொலைபேசியில் நிமிடத்துக்கு ஒரு முறை அதிர வைத்துக்கொண்டேன், முதல் பத்து நிமிடம் அது பெரிய கரைச்சலாக இருந்தது, பிறகு கை தானாகப் பழகிவிட்டது.

அமோனியா சுத்தமாக இல்லை. துணுக்கு ஒரு முறைதான் வந்தது. கைப்பு வரவில்லை, கடைசி ஐந்து நிமிடத்தில் வரப் பார்த்தது, அத்தோடு வைத்துவிட்டேன். 48 நிமிடம். துவர்ப்பு இன்னும் இருக்கிறது, உங்கள் கொட்டைப்பாக்கு என்ற சொல் இல்லாவிட்டால் அதையும் கைப்பு என்றுதான் எழுதியிருப்பேன். கார்ப்பு முதலில் வந்து போனது. நடுவில், 25-ஆவது நிமிடம் போல, ஒரு வாசம் வந்தது. என்னவென்று பிடிபடாமல் இரண்டு மூன்று இழுப்பு யோசித்தேன். மனைவியைக் கூப்பிட்டுத் தள்ளி நின்று மணக்கச் சொன்னேன். அவர் உடனே சொன்னார், ஒடியல். வெயிலில் காயப்போட்ட பனங்கிழங்கை இடிக்கும்போது வரும் மணம். அதேதான். நிலக்கடலைத் தோல் எனக்கு வரவில்லை அண்ணை, மழை மண்ணும் வரவில்லை.

நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் ஒடியல் என்று எழுதி, பக்கத்தில் 25 நிமிடம் என்று போட்டிருக்கிறேன். மிச்சம் 21. அடுத்ததைச் செப்ரெம்பரில் எடுக்கிறேன், அப்போதும் அந்த மணம் அதே இடத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடலோடி, யூன் 29

ஒடியல் எங்கள் பக்கமும் உண்டு தம்பி, பனங்கிழங்கைக் காயவைப்போம். என் டப்பாவில் ஆறு இருக்கிறது. இன்று மாலை ஒன்றை எடுத்து 25-ஆவது நிமிடத்தில் பார்க்கிறேன்.